ஊசிமட்டத்தில் ரேகைகள் இடம் மாறிய வருஷம்

ஐப்பசி மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு திங்கட்கிழமை காலை, ஊசிமட்டம் தேயிலை எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் கொட்டகையில் வழக்கம்போல வரிசை கட்டி நின்ற ஆண்களும் பெண்களும் ஆஜர் மெஷினில் ஒவ்வொருவராகப் பெருவிரலை வைத்தபோது, மெஷின் ஒருவரைக்கூட அவரவர் பெயர் சொல்லி அழைக்கவில்லை. கொழுந்து லாரி ஓட்டும் பிச்சை விரல் வைத்ததற்கு "வணக்கம், சரோஜா" என்றது. சரோஜா வைத்ததற்கு "வணக்கம், டேனியல்" என்றது. பேச்சித்தாய் வைத்ததற்கு "வணக்கம், பிச்சை" என்றது. முதலில் மெஷின்தான் மழைத்தண்ணீர் இறங்கிக் கெட்டுவிட்டது என்று நினைத்துத் துணியால் துடைத்தார்கள், பிறகு ஊதிப் பார்த்தார்கள், அதன் பிறகுதான் சரோஜா தன் விரல் நுனியைத் தற்செயலாகப் பார்த்து, "ஏய், இது என் விரல் இல்லடி" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். இருபது வருஷம் கொழுந்து கிள்ளிக் கறுத்து வெடித்துப்போன அவளுடைய நுனிவிரல்களில், ஆஸ்பத்திரி கம்பவுண்டர் டேனியலின் சுத்தமான, சோப்பு வாசனை அடிக்கிற ரேகைகள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தன. டேனியல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி தன் பத்து விரலையும் விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மலையில் இருந்த முந்நூற்று எண்பத்தாறு பேருக்கும் இதே கதைதான். எவர் விரலிலும் அவரவர் ரேகை இல்லை, ஆனால் ரேகை இல்லாத விரலும் இல்லை.

இதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் சென்னையிலிருந்து ஷர்மிளா பானு என்ற பெண் இரண்டு பெட்டிகளோடு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். ரேஷன் கடை மெஷினுக்கு ஊசிமட்டத்துக் கைகளைத் தெரியும், ஆஸ்பத்திரி மெஷினுக்கும் தெரியும், மஸ்டர் மெஷினுக்கும் தெரியும், ஆனால் இந்த மூன்றுக்கும் ஒன்றையொன்று தெரியாது. அவற்றைப் பேசவைத்துச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெளியூர்ப் பட்டியலும் வேண்டுமென்று, வெள்ளமணல் என்ற கடற்கரை ஊரின் துறைமுகத் தொழிலாளர் பட்டியலையும் ஆபீசில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமை தன் விரலையே மூன்று மெஷின்களிலும் வைத்துப் பதிந்து சோதித்தாள், சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான்கு பட்டியல்களையும் இணைத்தாள். திங்கட்கிழமை காலையில் தன் விரலை வைத்துத் தன் கம்ப்யூட்டரைத் திறக்கப் போனால் அது திறக்கவில்லை. மஸ்டர் மெஷினில் வைத்துப் பார்த்தாள். "வணக்கம், பூசாரி கறுப்பையா" என்றது.

எப்படி இப்படி ஆயிற்று என்று அவளிடம் கேட்டவர்கள் இருந்தார்கள், அவளும் யோசித்து யோசித்துப் பார்த்து, "எனக்குத் தெரியலைங்க" என்றாள். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. ஏனென்றால் கொழுந்து நாளைக்குள் முற்றிவிடும், ஆஜர் விழாமல் காட்டுக்குள் போக முடியாது, ஆக அவரவர் ரேகை எவர் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அன்றைக்கு முக்கியமான வேலையாகப் போயிற்று. ஷர்மிளா கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் இரண்டு பத்தி போட்டு, இடது பக்கம் ஆளின் பெயரையும் வலது பக்கம் அந்த ஆளின் ரேகையைச் சுமப்பவர் பெயரையும் எழுத ஆரம்பித்தாள். எழுத எழுத ஜனங்கள் கூட்டமாக நின்று, தேர்வு முடிவு பார்க்கிற பிள்ளைகளைப்போல எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

அந்த வாரம் ஊசிமட்டத்தில் யாரும் தனியாக எங்கேயும் போகவில்லை. ரேஷன் கடைக்குப் போகிறவள் தன் ரேகையைச் சுமக்கிற ரேகைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள், அவருக்கு வேறொருவர் தேவைப்பட்டார், அந்த வேறொருவருக்கு இன்னொருவர் என்று, அரைக்கிலோ சீனி வாங்கப் போனவளின் பின்னால் எட்டுப் பேர் சங்கிலியாக நடந்தார்கள். மாமியார் ரேகை வந்த மருமகள் ஒருத்தி மூன்று நாள் ராணியாக இருந்தாள். மச்சினனின் போனைத் தற்செயலாகத் திறந்துவிட்ட ஒருவன் அதில் பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தான். மாரியம்மன் கோயில் பூசாரி கறுப்பையாவுக்கு வந்தது சர்ச் உபதேசியார் ரேகை. அவர், "தீபாராதனை காட்டலாமா கூடாதா" என்று உபதேசியாரையே போய்க் கேட்க, "கைதானே ஐயா மாறுச்சு, காட்டுங்க" என்றார் உபதேசியார். கீழ்நாட்டிலிருந்து கைரேகை பார்க்கிற ஒருவர் கேள்விப்பட்டு மலையேறி வந்து, பூதக்கண்ணாடி வைத்து நாற்பது கைகளைப் பார்த்துவிட்டு, "நுனிதான் மாறியிருக்கு, விதி உள்ளங்கையில அப்படியேதான் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிப் போனார். அதைக் கேட்டுச் சிலருக்கு நிம்மதியாகவும் சிலருக்கு ஏமாற்றமாகவும் இருந்தது. தன் ரேகையைச் சுமக்கிறவரை இனி நல்லது கெட்டதுக்கு முறையாக அழைக்க வேண்டும் என்பது யாரும் கூடிப் பேசாமலே வழக்கமாகி, புதன்கிழமை நடந்த ஒரு காதுகுத்துக்குச் சொந்தக்காரர்களை விட ரேகைக்காரர்கள் அதிகமாக வந்திருந்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் சுவரில் இரண்டே இரண்டு இடம் மிச்சம் இருந்தது.

இடது பத்தியில் எஸ்தர் என்ற பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை. எஸ்தரின் விரலில் ஷர்மிளா பானுவின் ரேகை இருந்தது. அதனால் ஷர்மிளா எஸ்தரின் வீட்டிலேயே தங்கி, ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் திறக்கவும் எஸ்தரின் விரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் எஸ்தரின் ரேகையை மட்டும் யார் கையிலும் காணோம். வலது பத்தியில் பெயர் ஏறாமல், இன்னும் விரல் வைத்துப் பார்க்காமல் இருந்தது ஒரே ஆள்: ஆஜர் எழுதும் கிளார்க் சந்தானம். மெஷினை நடத்துகிறவர் அவர்தான் என்பதால் அவரை வைக்கச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை.

"நீங்களும் வைங்க சார்" என்றாள் ஷர்மிளா. "எஸ்தர் அக்கா ரேகை உங்ககிட்டதான் இருக்கணும்."

சந்தானம் ஐம்பது வயதுக்காரர், மனைவியை இழந்தவர், யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வலது பெருவிரலை மெஷினில் வைத்தார்.

"வணக்கம், அருணகிரி" என்றது மெஷின்.

எல்லோரும் மெதுவாகத் திரும்பி, மூன்றாவது வரிசையில் கூடையோடு நின்ற பேச்சித்தாயைப் பார்த்தார்கள்.

அருணகிரி அவள் புருஷன். பதினொரு வருஷத்துக்கு முன்னால், இதே கொட்டகையில், நேரம் பிந்தி வந்தான் என்று ஒரு பீல்டு ஆபீசர் அத்தனை பேர் முன்னாலும் அவனைக் கன்னத்தில் அறைந்தான். அவன் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனான், சாயங்காலம் வந்து குளித்தான், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறிப் போனவன்தான். பேச்சித்தாய் ஏழு வருஷம் காத்திருந்தாள். எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு அவன் பெயரில் இருந்தது. ஆள் இல்லாத பெயருக்கு வீடு கிடையாது என்று நிர்வாகம் சொன்னபோது, வக்கீலைப் பார்த்து, கோர்ட்டுக்கு நடந்து, ஏழு வருஷத்துக்கு மேல் காணாததால் இறந்தவராகக் கருதப்படுகிறார் என்ற தாளை இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கினாள். அந்தத் தாளை வைத்துத்தான் வீடு அவள் பெயருக்கு வந்தது, அவனுடைய நிரந்தர வேலையும் அவளுக்கு வந்தது.

அவள் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நேராகச் சந்தானத்திடம் போனாள். "கையைக் காட்டுங்க" என்றாள். சந்தானம் நீட்டினார். அந்தப் பெருவிரல் நுனியில் குறுக்காக, தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி பட்டு ஆறிய வெள்ளைத் தழும்பு ஒன்று ஓடியது. கல்யாணமான மூன்றாவது மாசம் அந்தக் காயத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவள் அவள்தான். ஊர் பூராவும் பார்த்துக்கொண்டிருக்க, பேச்சித்தாய் வேற்று ஆண்பிள்ளையின் பெருவிரலைத் தன் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அந்தத் தழும்பை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றாள். சந்தானம் கையை இழுக்கவில்லை.

"செத்தவன் ரேகை எப்படி வரும்?" என்று பின்னாலிருந்து பிச்சை கேட்டான்.

அந்தக் கேள்வியை எல்லோருமாகச் சேர்ந்து ஆராய்ந்தார்கள். பழைய மஸ்டரில் இறந்துபோனவர்களின் பெயர் இன்னும் பதினாலு இருந்தது. பாம்பு கடித்துப்போன தங்கையா இருந்தார், பிரசவத்தில் போன ராஜகனி இருந்தாள், பாறை உருண்டு போன அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ரேகைகூட எவர் விரலிலும் வரவில்லை. ரேகை மாறியது உயிரோடு இருக்கிறவர்களுக்குள்ளேதான். அப்படியானால் அருணகிரி எங்கேயோ உயிரோடு இருக்கிறான், அவன் ரேகை இங்கே வந்துவிட்டது, இங்கே காணாமல்போன எஸ்தரின் ரேகை அவன் விரலில் இருக்கிறது. இதைச் சுவரில் கோடு போட்டுக் காட்டக்கூடத் தேவைப்படவில்லை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

புரிந்த அரைமணி நேரத்தில் எஸ்தரின் போனில் மணி அடித்தது. விரல் வைக்கிற இடத்திலிருந்தெல்லாம் செய்தி அனுப்பும்படி ஷர்மிளா ஏற்பாடு செய்திருந்தாள். எஸ்தருக்குப் படிக்கத் தெரியும், சத்தமாகவே படித்தாள். "எஸ்தர் அவர்களே, உங்கள் கைரேகை வெள்ளமணல் ஐஸ் பிளான்ட் வாசலில் வைக்கப்பட்டது. ஏற்கப்படவில்லை."

அப்படித்தான் அருணகிரி எங்கே இருக்கிறான் என்பது ஊசிமட்டத்துக்குத் தெரியவந்தது. ஷர்மிளா வெள்ளமணல் பட்டியலைத் திறந்து பார்த்தாள். அவனுடைய பழைய ரேகை அதில் 'மணி' என்ற பெயரில் இருந்தது. ஊர் இல்லை, அப்பா பெயர் இல்லை, வெறும் மணி. மலைப் பட்டியலிலும் கடற்கரைப் பட்டியலிலும் இருந்த ரேகை அது ஒன்றுதான்.

எஸ்தருக்கும் பேச்சித்தாய்க்கும் பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அருணகிரி போன புதிதில், தண்ணீர்க் குழாயடியில் வைத்து, "ஒரு அறைக்கு ஊரை விட்டுப் போறவன் ஒரு ஆம்பளையா" என்று எஸ்தர் சொன்னதைப் பேச்சித்தாய் மன்னிக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் அவள் எஸ்தர் வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே கூப்பிடவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. எஸ்தர் போனை மட்டும் நீட்டினாள்.

வியாழன் மத்தியானம்: தொழிலாளர் உணவுக்கூடம், ஏற்கப்படவில்லை. வெள்ளி காலை: ஐஸ் பிளான்ட் வாசல், ஏற்கப்படவில்லை. வெள்ளி காலை மறுபடியும்: ஏற்கப்படவில்லை. வெள்ளி மத்தியானம்: உணவுக்கூடம், ஏற்கப்படவில்லை. அதற்கு முந்தின நாட்களுக்கும் இருந்தன, எஸ்தர் ஏதோ விளம்பரம் என்று பார்க்காமல் விட்டிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து எண்ணினால் பதினாறு.

"சாப்பிடலையா" என்றாள் பேச்சித்தாய்.

"கஞ்சி ஊத்துற இடத்துலயும் விரல் வைக்கணும்போல" என்றாள் எஸ்தர். "வச்சா என் பேரைச் சொல்லும். அவரைப் பார்த்து எவன் எஸ்தர்னு நம்புவான்?"

ஊசிமட்டத்தில் ரேகை மாறியவர்கள் கையைத் தட்டினால் பக்கத்து லயத்திலிருந்து ரேகைக்காரர் வந்துவிடுவார். கடற்கரையில் மணி என்று ஒருத்தனுக்கு அப்படி வர யாரும் இல்லை. பேச்சித்தாய் அதை யோசித்தாள். யோசிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே யோசித்தாள்.

சனிக்கிழமை சென்னையிலிருந்து வழி சொன்னார்கள். ரேகையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, ஆனால் பழைய ரேகை இருக்கிறவர் விரல் வைத்துக் கணக்கைத் திறந்துவிட்டால், சொந்தக்காரர் தன் புது ரேகையை அதில் ஏற்றிக்கொள்ளலாம். அன்றைக்கும் மறுநாளுமாக ஊரே கொட்டகையில் கூடி, ஒருவர் திறக்க ஒருவர் ஏற, ஒருவர் திறக்க ஒருவர் ஏற, கல்யாண வீட்டுப் பந்திபோல நடந்து முடிந்தது. ஷர்மிளாவுக்கு எஸ்தர் திறந்துகொடுத்தாள். எஸ்தருக்குத் திறந்துகொடுக்க மட்டும் ஆள் இல்லை.

"நான் போய் அந்த ஆளைக் கூட்டிட்டு வரப்போறேன்" என்று எஸ்தர் சொன்னாள். "ஒரு வாரமா எனக்கு ஆஜர் இல்ல, அரிசி இல்ல. செத்தவளாட்டம் இருக்கேன்."

"எஸ்தரு, போகாதே" என்றாள் பேச்சித்தாய். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. "நீ போய் அவரைக் கூட்டிட்டு வந்து நிறுத்தினா, நான் வாங்கின தாளு பொய்யாப் போயிரும். வீட்டை எழுதி வாங்கிருவாங்க. வேலை போயிரும். நான் எங்க போவேன்?"

"அப்ப நான் எங்க போறது?"

இரண்டு பேரும் வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் நியாயமாக இருந்ததால் யாராலும் கத்த முடியவில்லை. அப்போது போன் மறுபடி ஒலித்தது. எஸ்தர் பார்த்தாள். உணவுக்கூடம். இந்த முறை அவள் படிக்கவில்லை, போனைத் திருப்பிக் காட்டினாள்.

பேச்சித்தாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். "கூட்டிட்டு வரவேண்டாம். நாம போவோம். கிளார்க்கையாவையும் கூப்பிடணும், அவர் விரல் இல்லாம அங்க அந்தாளுக்கு ஒண்ணும் நடக்காது."

சந்தானத்திடம் போய்ச் சொன்னபோது அவர் எதுவும் கேட்கவில்லை. லீவு எழுதிவைத்துவிட்டு, ஒரு பையில் மாற்று வேட்டியும் சீப்பும் எடுத்துக்கொண்டு வந்தார்.

முப்பத்தெட்டுக் கொண்டை ஊசி வளைவு இறங்கி, மூன்று பஸ் மாறி, மறுநாள் முற்பகலில் அவர்கள் வெள்ளமணலில் இறங்கினார்கள். பேச்சித்தாய் கடலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் சேர்த்துவைத்து என்ன செய்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது, ஆனால் கேட்கவில்லை. ஐஸ் பிளான்ட் துறைமுகத்தை ஒட்டி இருந்தது. உள்ளே எந்நேரமும் ஐஸ் நொறுக்குகிற சத்தம் கேட்டது. வாசலில் மெஷின், மெஷினுக்குப் பக்கத்தில் காவலாளி, காவலாளிக்கு எதிரே வேப்பமரத்து நிழலில் சாக்கை விரித்து ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

இளைத்துப்போயிருந்தான். தலையில் பாதி நரைத்திருந்தது. மூன்று பேரும் கிட்டே வரும்வரை அவன் அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தெரிந்ததும் எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"பேச்சி" என்றான்.

"உட்காரு" என்றாள் அவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் அவனை 'நீங்க' என்று சொன்னவள், அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒருமையில் பேசினாள். அவளுக்கும் கேட்டது, அவனுக்கும் கேட்டது.

எஸ்தர் ஓடிப்போய் டீயும் பன்னும் வாங்கி வந்தாள். அவன் பன்னை டீயில் நனைத்துத் தின்று முடிக்கும்வரை காத்திருந்தார்கள். ஒரு வாரமாகச் சக வேலையாட்கள் தங்கள் பொட்டலத்தில் மிச்சம் வைத்துக் கொடுத்ததைத்தான் சாப்பிட்டிருக்கிறான். என் விரல் என்னைப் பொம்பளை என்று சொல்கிறது என்று அவன் சொன்னபோது, முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள், மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை, ஐந்தாம் நாள் காவலாளி அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் தன் விரல்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்ப இது உங்களோடதா? நான் என்னமோ வியாதின்னு நினைச்சேன்" என்றான்.

"ஒரு அறைக்கா போன?" என்று பேச்சித்தாய் கேட்டாள்.

"அறைஞ்சப்ப போகணும்னு தோணல. சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். நீ அதைப் பத்தி ஒண்ணும் கேட்கல. எனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் கேட்காம இருந்த, தெரியும். ஆனா இனிமே தினமும் நீ கேட்காம இருப்பியேன்னு தோணுச்சு. அதுக்குத்தான் போனேன். மொதல்ல ஒரு வாரம்னு நினைச்சேன். அப்புறம் திரும்பி வந்தா எல்லாரும் ஏன் போனேன்னு கேப்பாங்களேன்னு..."

பேச்சித்தாய்க்கு அழுகை வரும் என்று எஸ்தர் எதிர்பார்த்தாள். வரவில்லை. "நீ செத்துட்டதா எழுதி வாங்கிட்டேன்" என்றாள் பேச்சித்தாய். "ரெண்டு வருஷம் ஆச்சு. வீடு இப்ப என் பேர்ல. உன் வேலையும் எனக்குத்தான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. பக்கத்து ஊர்ச் செய்தி கேட்கிறவன்போல ஒரு ஆவல்தான் இருந்தது. "அப்படியா! காரியம் எல்லாம் செஞ்சியா?"

"இல்ல. பேப்பர் மட்டும்தான்."

"ம்" என்றான். "பூவும் பொட்டும் இருக்கேன்னு பார்த்தேன்."

காவலாளியிடம் சந்தானம்தான் பேசினார். மலையில் அவர் வாழ்நாள் முழுக்கப் பேசியதை விட அந்தப் பத்து நிமிஷத்தில் அதிகம் பேசியிருப்பார். கடைசியில் சூப்பர்வைசர் வந்து, பழைய ரேகை திறந்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். சந்தானம் பெருவிரலை வைத்தார். "வணக்கம், மணி" என்றது மெஷின். உடனே அவன் தன் விரலை வைத்தான், ஏறியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான், "வணக்கம், மணி" என்றது. அவன் மூன்றாவது தடவையும் வைத்துப் பார்த்தான். ஷர்மிளா கொடுத்துவிட்டிருந்த சின்ன மெஷினை எஸ்தர் போனில் சொருகி நீட்ட, அவன் திறந்துகொடுத்தான்; அவளும் தன் ரேகையை ஏற்றிக்கொண்டாள். "நான் பிழைச்சேன்" என்றாள் எஸ்தர்.

அப்போதுதான் ஷர்மிளா எஸ்தரின் போனில் பேச்சித்தாயைக் கூப்பிட்டாள். பேச்சித்தாய் போனைக் காதில் வைத்தாள்.

"அக்கா, எல்லாம் முடிஞ்சுது, ஒண்ணே ஒண்ணு பாக்கி. பழைய மஸ்டர்ல இருக்கிற அருணகிரி, வெள்ளமணல் பட்டியல்ல இருக்கிற மணி, ரெண்டு பேரோட பழைய ரேகையும் ஒண்ணுன்னு காட்டுது. ஒரே ஆளா, வேற வேற ஆளான்னு நான் எழுதி அனுப்பணும். ஒரே ஆள்னு எழுதினா அருணகிரி உயிரோட இருக்கார்னு எல்லா இடத்துக்கும் போயிரும். வேற ஆள்னு எழுதினா அவர் செத்தவராவே இருப்பார்."

"நீ என்னம்மா நினைக்கிற?"

"இந்த ஒரு வாரத்துக்கு அப்புறம் யாரோட ரேகை யாருதுன்னு யாரால அக்கா சத்தியம் பண்ண முடியும்? எதை எழுதினாலும் என்னை யாரும் கேட்க முடியாது. அதனாலதான் உங்ககிட்ட கேட்கிறேன்."

பேச்சித்தாய் போனைக் காதிலிருந்து எடுத்தாள். நான் சொன்னால் அது நான் அவனைக் கொன்றதாக இருக்கும் அல்லது நான் தெருவில் நிற்பதாக இருக்கும் என்று நினைத்தாள். போனை அவனிடம் நீட்டினாள். "உன்னைப் பத்திதான். நீயே சொல்லு."

ஷர்மிளா மறுபடி முழுவதையும் சொல்ல, அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுக்கொண்டே பேச்சித்தாயின் கையைப் பார்த்தான், கொழுந்துக்கறை ஏறிய விரல்களை, முழங்கையில் கூடைக்கயிறு பட்டுத் தேய்ந்த இடத்தை. பிறகு போனில் மரியாதையாகச் சொன்னான்:

"வேற ஆளுங்க, மேடம். அருணகிரியை எனக்குத் தெரியும், ஆனா நான் அவர் இல்லைங்க. என் பேரு மணி."

போனைத் திருப்பிக் கொடுத்தான். பேச்சித்தாய் அப்போதுதான் அழுதாள், சத்தமில்லாமல், கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு. எஸ்தர் அவள் தோளில் கை வைத்தாள், அவள் அதைத் தட்டிவிடவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சந்தானம் சொன்னார். புறப்படும்போது எஸ்தர், "அண்ணே, எங்க ஊர்ல பங்குனியில மாரியம்மன் பொங்கல். ரேகைக்காரரைக் கூப்பிடாம இருக்கக் கூடாது, அது எங்க வழக்கம். வாங்க" என்று முறையாக அழைத்தாள். அந்த வழக்கத்துக்கு அப்போது வயசு ஒரு வாரம்.

பங்குனியில், பொங்கல் அன்று, பதினொரு மணி பஸ்ஸில் ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸும் சங்கரா மீனுமாக ஒருவன் ஊசிமட்டத்தில் வந்து இறங்கினான். பஸ் நிற்கிற இடத்திலிருந்து கோயில்வரை வழி கேட்காமல் நடந்தான். கோயில் மைதானத்தில் அவனைப் பார்த்ததும் மேளம்கூட ஒரு கணம் நின்றது. அவனோடு மண்ணில் புரண்டு வளர்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள், அவன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்கள் இருந்தார்கள், அவன் அறை வாங்கியதைப் பார்த்து நின்றவர்கள் எல்லோருமே இருந்தார்கள்.

முதலில் பிச்சைதான் முன்னால் வந்தான். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கையை நீட்டி, "வாங்க. நான் பிச்சை, லாரி ஓட்டுறேன். நீங்க?" என்றான்.

"மணி. வெள்ளமணலு. எஸ்தர் அக்காவுக்கு வேண்டியவன்."

"அப்படியா. கடல் பக்கம் இப்ப எப்படி, வெயிலா?"

"வெயிலுதான்."

அடுத்து சரோஜா வந்து தன் பெயரைச் சொன்னாள். டேனியல் சொன்னார். பூசாரி கறுப்பையா திருநீறு கொடுத்துத் தன் பெயரைச் சொன்னார். அப்படியே ஒருவர் பின் ஒருவராக, வரிசை மைதானத்தைச் சுற்றி வளைந்து போக, யாரும் சிரிக்காமல், யாரும் கண் சிமிட்டாமல், அத்தனை பேரும் அவனிடம் வந்து தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லி, அவன் ஊரை விசாரித்துவிட்டுப் போனார்கள். ஏன் போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. புதிதாக வந்தவனிடம் அப்படிக் கேட்க ஒன்றும் இல்லை. பாதி வரிசையில் அவன் கண் கலங்கியது, அடுப்புப் புகை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில், மீன் குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்த பேச்சித்தாய் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"வாங்க" என்றாள். "என் பேரு பேச்சித்தாய். கொழுந்து எடுக்கிறேன்."

"நான் மணி."

அவனைப் பார்த்தபடி நின்றாள். விருந்தாளியிடம் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறதே என்று ஞாபகம் வந்து, "நீங்க காரம் எப்படிச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள். ஒன்பது வருஷம் அவனுக்குச் சோறு போட்டவள் அதை ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

அவன் அரைத்திருந்த மசாலாவை ஒரு தடவை பார்த்தான்.

"கொஞ்சம் கம்மியாப் போடுங்க" என்றான்.